குணமான இடது கால்

அங்குலத்துக்குப் புண் வந்தது வலது காலில். இதை முதலிலேயே சொல்லிவைப்பது நல்லது. பின்னால் வரப்போகிற படித்தவர்கள் யாரும் கடைசிவரை இதை ஒப்புக்கொள்ளப்போவதில்லை.

அங்குலம் என்பது அவர் பெயரில்லை, பட்டம். ஆள் தையல்காரர். ‘சுமாராக’, ‘ஏறக்குறைய’, ‘கிட்டத்தட்ட’ என்ற வார்த்தைகள் அவர் வாயில் வந்ததே கிடையாது. சட்டை தைக்க வந்தவர் “கொஞ்சம் லூசா இருக்கட்டும்ணே” என்றால், நாடாவைக் கழுத்திலிருந்து உருவி, “கொஞ்சம்னா எத்தனை அங்குலம்?” என்று கேட்டுவிட்டுத்தான் மறுவேலை. அப்படிப்பட்ட மனிதர், தன் காலில் ஒரு காசளவு ஓட்டை விழுந்ததை நான்கு நாள் கவனிக்கவில்லை. இருபத்தாறு வருடமாகத் தையல் மெஷின் மிதிகட்டையை வெறுங்காலால் மிதித்தவர். அந்த இரும்பின் ஓரம் பெருவிரலுக்குக் கீழே மெல்ல மெல்ல அரைத்துவிட்டது. சர்க்கரை வேறு இருந்ததால் உறைக்கவில்லை. மனைவிதான் தரையில் சிவப்பாக வட்டம் வட்டமாக இருப்பதைப் பார்த்தாள்.

“என்னங்க இது? வீடு பூரா முத்திரை குத்திக்கிட்டு நடக்கறீங்க?”

அன்றைக்கே ஆட்டோ பிடித்துத் திசுக் கணிப்பு மையத்துக்கு அழைத்துப் போனாள்.

அது முன்பு ஆஸ்பத்திரியாக இருந்த கட்டடம். பெரிய கம்ப்யூட்டர் வந்து இறங்கிய வருடம் பெயரை மாற்றினார்கள். கட்டில்களை எடுத்துவிட்டு அந்த இடங்களில் திரைகளை வைத்தார்கள். டாக்டர்கள் இருந்தார்கள், ஆனால் எல்லோரும் திரைப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்ததால், நோயாளிகளுக்கு அவர்களுடைய பின்னந்தலைகள்தான் பழக்கம்.

அங்குலத்தின் காலை ஒரு கண்ணாடிப் பெட்டிமேல் வைக்கச் சொன்னாள் கணிப்பாளர் வேலை பார்க்கும் பெண். பெட்டிக்குள்ளிருந்து வெளிச்சம் வந்து உள்ளங்காலை ஒரு தடவு தடவியது. திரையில் அவர் பாதம் சின்னச் சின்னக் கட்டங்களாக விரிந்தது. நடுவில் கறுப்பாக ஒரு பள்ளம்.

“ஒவ்வொரு கட்டமும் ஒரு செல் சார். ஒரு செல் பக்கத்து செல்ல மட்டும்தான் பார்க்கும். பக்கத்துல காலியா இருந்தா நகரும். பக்கத்துல உள்ளது பெருகினா தானும் பெருகும். அவ்வளவுதான் விதி.”

“மேற்பார்வைக்கு யாரும் கிடையாதாம்மா?”

“கிடையாது சார். எந்தச் செல்லுக்கும் மொத்தப் புண்ணு எவ்வளவு பெருசுன்னு தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்ல.”

அவள் ஒரு பொத்தானை அழுத்தினாள். திரையில் நாட்கள் ஓடின. பள்ளத்தின் ஓரத்துக் கட்டங்கள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு, ஊர்ந்து, பள்ளத்துக்குள் இறங்கி, அதை நிரப்பி மூடின. பிசிறு இல்லை, சுருக்கம் இல்லை. அங்குலம் ஒரு தையலை இவ்வளவு நேர்த்தியாக முடித்ததில்லை.

“இருபத்தோராம் நாள் பகல் ஒரு மணி பத்து நிமிஷத்துக்கு மூடிடும் சார்.”

இந்த ‘பத்து நிமிஷம்’தான் அவரைக் கவிழ்த்துவிட்டது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் அவரிடம் ‘ஒரு மூணு வாரம் ஆகும்’ என்று சொல்லாமல் கணக்காகச் சொல்லியிருக்கிறார். கண் கலங்கிவிட்டது மனிதருக்கு.

நர்ஸ் வந்து வலது காலைக் கழுவிக் கட்டுப் போட்டு, கட்டின்மேல் காகித முத்திரை ஒட்டினாள். அவளிடம் இருந்த சீட்டில் ‘கால்: 1’ என்று மட்டும் இருந்தது. புண் எதிரே இருந்தது, அவளும் அதைப் பார்த்துக் கட்டினாள். அந்தக் கட்டடத்தில் புண்ணைப் பார்த்த கடைசி ஆள் அவள்தான்.

“முத்திரையை இருபத்தோராம் நாள்தான் பிரிக்கணும்ணே. முன்னாடி பிரிச்சா, கணிப்பு சரியான்னு பாக்கற ஆய்வுல இருந்து எடுத்துடுவாங்க. அப்புறம் மாத்திரையும் தர மாட்டாங்க.”

செவ்வாய்க்குச் செவ்வாய் வரச் சொன்னார்கள். போனார். ஒவ்வொரு முறையும் திரையைக் காட்டினார்கள். புண் சுருங்கிக்கொண்டே வந்தது. அது சுருங்கச் சுருங்க மாத்திரையும் மூன்று இரண்டாயிற்று, இரண்டு ஒன்றாயிற்று. முறைப்படிதான் எல்லாம். ஆனால் பதினைந்தாம் நாள் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தபோது, துணிக்கஞ்சி வாடையையும் தாண்டி ஒரு நாற்றம் கீழிருந்து வந்தது.

மறுநாளே போய் நின்றார். “வாசனை வருதும்மா.”

கணிப்பாளர் பெண் பட்டியலைத் தேடிப் பார்த்தாள். “கம்ப்யூட்டர் மாதிரியில வாசனைக்கு இடம் விடல சார்.”

“வலிக்கவும் செய்யுது. எனக்கே வலிக்குதுன்னா பாத்துக்கோயேன்.”

“வலி அடுத்த பதிப்புல வருது.”

“எனக்கு இந்தப் பதிப்புலயே வந்துடுச்சேம்மா.”

அவள் சிரிக்கவில்லை. முகம் ஒரு மாதிரி ஆயிற்று. பக்கத்து நாற்காலிக்காரரை எட்டிப் பார்த்தாள். அவர் தன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளும் தன் திரைக்குத் திரும்பிக்கொண்டாள்.

வீட்டில் மனைவி கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். “முத்திரையாவது மண்ணாங்கட்டியாவது. காலை நீட்டுங்க, பிரிச்சுப் பாத்துடலாம்.”

“பொறுடி. நாலு நாள், பதினெட்டு மணி நேரம், பத்து நிமிஷம். அதுக்குள்ள என்ன முழுகிடப் போகுது?”

இதற்காக அவர் பின்னால் தன்னைத்தானே எவ்வளவு திட்டிக்கொண்டார் என்பதை எழுதினால் தாள் தாங்காது.

இருபத்தோராம் நாள் இருவரும் மையத்துக்குப் போனார்கள். சரிபார்ப்புக் குழு வந்தது. மூன்று பேர். ஒருவர் கையில் கேமரா, ஒருவர் கையில் அளவுகோல், தலைவர் கையில் கோப்பு. மணி ஒன்று பத்து ஆகும்வரை காத்திருந்துவிட்டு, தலைவர் சொன்னார்:

“காலைக் காட்டுங்க.”

அங்குலம் முத்திரையோடு வலது காலை நீட்டினார்.

“அது இல்லை. இடது கால்.”

“சார், புண்ணு இதுலதான்.”

“கோப்பில் இடது என்றுதான் இருக்கிறது. எடுங்க.”

பெரியவர்கள் பேச்சைத் தட்டக்கூடாது என்று வளர்ந்த மனிதர். இடது காலைத் தூக்கிக் காட்டினார். மூவரும் குனிந்தார்கள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள். உள்ளங்கால் தேய்த்துக் கழுவிய தட்டுபோல இருந்தது.

“தழும்புகூட இல்லையே!” என்றார் அளவுகோல் வைத்திருந்தவர். அவருக்குக் குரல் தழுதழுத்தது.

“ஒரு காயம் இருந்த சுவடே இல்லை,” என்றார் தலைவர். கேமராக்காரர் கையைத் தட்டினார். சத்தம் கேட்டு மற்ற அறைகளிலிருந்தும் வந்து தட்டினார்கள். தட்டல் ஓய்ந்த பிறகு அங்குலம் கேட்டார், “அப்ப இந்தக் கால்ல கட்டு எதுக்குங்க போட்டீங்க?”

“அது உங்கள் சொந்த விருப்பம்,” என்றார் தலைவர்.

அப்போதுதான் அங்குலத்தின் கண் திரைமேல் பட்டது. பெட்டி முதல் நாள் எடுத்த பாதத்தின் படம் அங்கே இருந்தது. சுண்டுவிரலோரம் ஒரு மச்சம். அது அவருடைய வலது கால் மச்சம். ஆனால் படத்தில் இருப்பது இடது கால். ஒரு நொடிதான் ஆயிற்று அவருக்கு. தொழிலுக்கு வந்த முதல் மாதம் இதே தப்பைச் செய்து, முதலாளியிடம் அறை வாங்கியிருக்கிறார்.

“ஐயா, உங்க பெட்டி கீழ இருந்து பார்க்குது. துணியைக் குப்புறப் போட்டு வெட்டினா வலது கை இடது கையா வந்துடும். அதேதாங்க இது. என் வலது கால் உங்களுக்கு இடதா தெரிஞ்சிருக்கு. திருப்பிப் போட்டாச் சரியாயிடும்.”

“நீங்கள் டாக்டரா?”

“டெய்லருங்க.”

“அப்படியானால் துணியைப் பாருங்கள்,” என்று சொல்லிவிட்டு, தலைவர் கோப்பில் ‘முழுக் குணம்’ என்று எழுதினார்.

அவர்கள் போனதும் நர்ஸ் கதவைச் சாத்திவிட்டு முத்திரையைக் கிழித்தாள். பிரித்தவள் வாயில் கைவைத்துக்கொண்டாள். அங்குலம் கீழே பார்க்கவில்லை. மனைவி பார்த்துவிட்டு, “அய்யோ” என்று சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“ஒரு வாரத்துக்குள்ள யாராவது சுத்தம் பண்ணி ஊசி போட்டாங்கன்னா கால் தப்பிக்கும்ணே. விட்டா விரலை எடுக்கணும். அதுக்கும் விட்டா பாதம்.”

“நீங்களே போடுங்கம்மா.”

“மருந்து அலமாரி கோப்பு எண்ணைக் கேக்குதுண்ணே. உங்க எண்ணைப் போட்டா ‘குணமாயிட்டார்’னு சொல்லித் திறக்க மாட்டேங்குது.” அவள் தன் கைப்பையில் இருந்த பஞ்சையெல்லாம் எடுத்துக் கட்டிவிட்டாள். அவளால் ஆனது அவ்வளவுதான்.

வேறு ஆஸ்பத்திரிக்குப் போகலாமே என்று கேட்பீர்கள். போனார்கள். இரண்டு இடத்துக்குப் போனார்கள். எல்லாத் திரைக்கும் ஒரே கம்பி. பெயரைத் தட்டியதும் பச்சை விளக்கு எரிந்தது. “குணமானவங்களைத் தொண்ணூறு நாளைக்கு நாங்க தொடக்கூடாது, எங்களைக் கேள்வி கேப்பாங்க,” என்றார்கள். முதலில் மையத்தில் பிழையைத் திருத்தி வாங்கிவரச் சொன்னார்கள்.

திருத்தப் பிரிவில் நான்கு மேசைகள் ஒரு சதுரமாகப் போடப்பட்டிருந்தன. முதல் மேசைக்காரர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, “ரெண்டாவது மேசையில மாத்தினாங்கன்னா நான் மாத்திடுவேன்,” என்றார். இரண்டாவது மேசை மூன்றாவதைக் கை காட்டியது. மூன்றாவது மேசை சாப்பிடப் போயிருந்தது, திரும்பி வந்து நான்காவதைக் காட்டியது. நான்காவது மேசையில் இருந்த அம்மாள் நல்ல மாதிரி. உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மனுவை முழுக்கப் படித்தார். பிறகு, “முதல் மேசை என்ன பண்றாருன்னு பாத்துட்டு நான் பண்றேன்,” என்றார்.

எந்த மேசைக்கும் மொத்தப் புண் எவ்வளவு பெரிது என்று தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

இப்படி நான்கு நாள் சுற்றினார். ஐந்தாம் நாள் மையத்தின் இயக்குநரே கூப்பிட்டு அனுப்பினார். இயக்குநர் அறையில் கம்பளம் விரித்திருந்தது. கம்பளம் கறையாகிவிடுமே என்று அங்குலம் வாசலிலேயே ஒற்றைக் காலில் நின்றார்.

“நாளை நமக்கு விழா. உங்கள் இடது காலைப் பார்க்க வெளியூர்களிலிருந்தெல்லாம் வருகிறார்கள். நீங்கள் மேடையில் உட்கார்ந்தால் போதும். உங்கள் வலது கால் பற்றிய விண்ணப்பத்தில் நான் அங்கேயே கையெழுத்துப் போடுகிறேன்.”

வேறென்ன செய்வார்? உட்கார்ந்தார். வலது காலை மேசை விரிப்புக்குள் மறைத்துவிட்டு, இடது காலை ஒரு பட்டுத் திண்டின்மேல் வைத்தார்கள். நகத்தை வெட்டி, குதிகாலுக்கு எண்ணெய் தடவியிருந்தார்கள். கழுத்துக்கு ஒரு மாலை, காலுக்கு ஒரு மாலை. கால் மாலைதான் பெரியது. மனைவி முதல் வரிசையில், தலையில் அடித்துக்கொள்ளக்கூட முடியாமல் உட்கார்ந்திருந்தாள்.

இயக்குநர் பேசினார்:

“நண்பர்களே! ஒரு காலத்தில் இதே கட்டடத்தில் மருத்துவர்கள் புண்ணை நேரடியாகப் பார்த்தார்கள். பார்த்ததும் மனம் கலங்கினார்கள். கலங்கிய மனத்தோடு வைத்தியம் செய்தார்கள். அந்தக் குறையை நாம் அடியோடு நீக்கிவிட்டோம். சென்ற ஆண்டு இங்கே பணிபுரிந்த ஒருவர்கூட ஒரு புண்ணையும் பார்க்கவில்லை என்பதைப் பெருமையோடு அறிவிக்கிறேன். (கைதட்டல்.) மாதிரி ஒன்று சொல்கிறது, நோயாளி வேறொன்று சொல்கிறார் என்றால் யாரை நம்புவது? நோயாளி நாளுக்கொரு பேச்சுப் பேசுவார். காலையில் வலிக்கிறது என்பார், மாலையில் பரவாயில்லை என்பார். நம் மாதிரி சொன்ன சொல் மாறாதது. நம் கணிப்பு தவறு என்று இதுவரை ஒரு நோயாளிகூடத் திரும்பி வந்து சொன்னதில்லை. திரும்பி வருவதற்கான வழியை நாம் வைக்கவில்லை என்று சிலர் குறை கூறுகிறார்கள். குணமானவர் எதற்காகத் திரும்பி வர வேண்டும்? இதோ, இந்தக் காலைக் கேளுங்கள்!”

எல்லோரும் காலைப் பார்த்தார்கள். மறைவில் இருந்த காலிலிருந்து எழுந்த நாற்றம் மாலைப் பூவையும் மீறி முன்வரிசைவரை போயிற்று. ஒரு விருந்தினர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர் அவரைப் பார்த்துவிட்டுத் தானும் பொத்தினார். அப்படியே வரிசை முழுவதும் பொத்திக்கொண்டு கைதட்ட முடியாமல் தவித்தது. ஆனாலும் எழுந்து என்னவென்று கேட்டவர் யாருமில்லை.

இயக்குநர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ‘நோயாளியின் வலது காலைப் பதிவு செய்க’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தக் காகிதத்தைக் கும்பிடாத குறையாகப் பிடித்துக்கொண்டு அங்குலம் கண்ணாடிப் பெட்டிக்கு ஓடினார். ஓடினார் என்பது மரியாதைக்குச் சொல்வது. மனைவி தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டினார்.

வலது காலைப் பெட்டிமேல் வைத்தார். வெளிச்சம் தடவியது. திரையில் எழுத்து வந்தது: ‘இடது கால். கோப்பு முடிந்தது.’

அன்று சரிபார்ப்புத் தலைவரும் கூட நின்றிருந்தார். “வலது காலைப் பதிவு செய்யத்தான் உத்தரவு. நீங்கள் இடது காலை வைக்கிறீர்கள்.”

“ஐயா, சத்தியமா இது வலது காலுங்க. நீங்களே பாருங்க.”

“நான் பார்த்து என்ன ஆகப்போகிறது? பெட்டி வலது என்று சொல்ல வேண்டும். மற்றக் காலை வையுங்கள்.”

அங்குலத்துக்கு என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்தது. கத்தரிக்குக் கீழே தப்பான துணி போவதைப் பார்த்தால் தையல்காரனுக்குத் தெரியாதா? “வேண்டாங்க, வேண்டாங்க” என்றார். தலைவர் தாமே குனிந்து, மாலைப் பூ ஒட்டியிருந்த அந்த இடது காலைத் தூக்கிப் பெட்டிமேல் வைத்தார்.

‘வலது கால். புண் இல்லை. ஐந்து விரல்களும் நலம். கோப்பு முடிந்தது.’

“வாழ்த்துகள்,” என்றார் தலைவர். “இரண்டு காலும் குணம். ஒரே நோயாளிக்கு இரண்டு வெற்றி.”

அவர் போனபின் அங்குலம் கணிப்பாளர் பெண்ணைப் பார்த்தார். “உனக்காவது தெரியுதாம்மா?”

“தெரியுது சார்.” அவள் திரையைப் பார்த்தே சொன்னாள். “முதல் செவ்வாய்க்கிழமையே சந்தேகமா இருந்துச்சு. ஆனா பக்கத்து சீட்ல யாரும் ஒண்ணும் சொல்லலையே சார்.”

கடைசியில் ஊருக்கு வெளியே ஒரு சின்ன கிளினிக்கில்தான் வேலை நடந்தது. அங்கே இருந்த டாக்டருக்குப் பெரிய திறமை ஒன்றும் இல்லை. அவருடைய கம்ப்யூட்டர் ரிப்பேர். வேறு வழியில்லாமல் அவர் காலைப் பார்த்தார். “இத்தனை நாள் என்னய்யா பண்ணிக்கிட்டு இருந்தீங்க?” என்று கேட்டார். பாதம் தப்பியது. பெருவிரலும் அதற்கு அடுத்த விரலும் போயின.

பெருவிரல் இல்லாத காலால் மிதிகட்டையை மிதிக்க முடியாது. கால் வழுக்கிவிடும், தையல் கோணும். இடது காலால் மிதித்துப் பழகிப் பார்த்தார். விழாவுக்குப் போய்வந்த கால் அல்லவா, சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. வாசலில் தைக்கக் கிடந்த துணிகளை ஒவ்வொருவராக வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். யாரும் கோபிக்கவில்லை. “உடம்பைப் பாத்துக்கங்கண்ணே” என்று சொல்லிவிட்டுத்தான் வாங்கிப்போனார்கள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

விரல் இழந்த தொழிலாளிக்கு மெஷினில் மாட்டுகிற மோட்டார் ஒன்று இலவசமாகத் தருகிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். விரல் இல்லை என்பதற்கு ஒரு சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் தருகிற அதிகாரம் திசுக் கணிப்பு மையத்துக்குத்தான்.

மறுபடி அதே பெண். அங்குலத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். மனைவி, செருப்பைக் கழற்றச் சொல்லி அந்தக் காலைக் காட்டினாள். அந்தப் பெண் பார்த்தாள். இந்த முறை பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்க்காமல் நேராகவே பார்த்தாள். பிறகு எண்ணைத் தட்டினாள்.

“சார்… உங்க வலது கால்ல அஞ்சு விரலும் இருக்கு. இருக்குன்னு மாதிரி சொல்றப்ப இல்லைன்னு எழுத எனக்கு வழியில்ல சார்.”

மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அங்குலம் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். கோபமெல்லாம் எப்போதோ தீர்ந்துபோயிருந்தது அவருக்கு.

“இருக்கா? காட்டு, பாக்கலாம்.”

அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள். முழுப் பாதம். பெருவிரல், அடுத்த விரல், எல்லாம் வரிசையாக.

“அந்த ரெண்டையும் மட்டும் பெருசாக்கிக் காட்டும்மா.”

பெரிதாக்கினாள். கட்டங்கள் மும்முரமாக ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு, விலகி, பெருகி, வேலை பார்த்துக்கொண்டிருந்தன.

“நகம் வளந்திருக்கே.”

“வளரும் சார். மாசத்துக்கு ஒண்ணு புள்ளி அஞ்சு எட்டு ஏழு அஞ்சு மில்லிமீட்டர்.”

“பதினாறுல ஒரு பங்கு அங்குலம்,” என்றார் அவர். கை தானாகக் கழுத்து நாடாவைத் தேடிப் போயிற்று. நாடா இல்லை. வீட்டில் ஆணியில் மாட்டிவிட்டு வந்திருந்தார்.

“வாங்க போகலாம்,” என்றாள் மனைவி. “பின்னாடி ஆள் நிக்கறாங்க.”

அங்குலம் போகவில்லை. திரையில் பெருத்து நின்ற தன் இரண்டு விரல்களையும் இன்னும் கொஞ்ச நேரம், எத்தனை நிமிஷம் என்று கணக்கு வைக்காமல், பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

“எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும்,” என்றார்.